அடுப்படி மேடையில் தொடங்கி கூரை வரை: கீழக்கரைப் பக்கத்து வீடு ஒன்றின் சீரமைப்பு

பின்னணி

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், மன்னார் வளைகுடா ஓரத்தில் உள்ள ஒரு ஊர். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தெருக்கள், கொஞ்சம் பனைமரங்கள், அவ்வளவுதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, அவருடைய மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மகனுக்கு சவூதியில் வேலை. பணம் அனுப்புவது மகன், ஆட்களை வைத்து வேலை வாங்குவது மருமகள், கடைசி வார்த்தை மாமியாருடையது.

மேற்பார்வைப் பொறியாளராக நான் இந்த வேலைக்குள் நடுவில்தான் வந்து சேர்ந்தேன். அதற்கு முன் நடந்தது வீட்டாரும் கொத்தனாரும் சொன்னது.

வீடு மூன்று காலத்தில் வளர்ந்திருக்கிறது. முன்கட்டு சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே ஓடு. பின்பக்கத்து அடுப்படியும் அதையொட்டிய நடையும் 1994-ல் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் தளம் போட்டுச் சேர்த்தவை. 2003-ல் ஒரு படுக்கையறையைத் தனியாக வார்த்திருக்கிறார்கள். இந்த மூன்றில் பழையதான முன்கட்டுதான் இன்றைக்கும் நல்ல நிலையில் இருக்கிறது. அதில் இரும்பு இல்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை.

மருமகள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. கடப்பா கல் மேடைக்குப் பதில் கிரானைட், அதற்கு மேலே இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ், புது சிங்க், ஒரு சிம்னி, மேலும் கீழும் அலமாரி. மதிப்பீடு ரூ.1.8 லட்சம். நோன்பு தொடங்குவதற்குள் முடிய வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. 2025-ல் நோன்பு மார்ச் முதல் வாரம். மழை ஓய்ந்து ஜனவரியில் தொடங்கினால் தாராளமாக முடியும் என்று கணக்குப் போட்டார்கள். அலமாரிக்கு டவுனில் ஒரு கடையில் அளவு கொடுத்து முன்பணமும் கட்டியாகிவிட்டது.

முதலில் தென்பட்டவை

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். இந்த ஊரில் அந்த அளவு இல்லை. ஆனாலும் அந்த வாரத்து மழையில் அடுப்படிக் கூரையில் பழுப்பு நிறக் கோடுகள் விழுந்தன. விறகடுப்பு எரித்த காலத்துப் புகைக் கருப்பு இருந்தவரை எதுவும் வெளியே தெரியவில்லை. கேஸ் அடுப்பு வந்து, வெள்ளையடித்த பிறகுதான் கோடு தெரிந்தது. “மழை ஈரம், வெயில் அடிச்சா காஞ்சிடும்” என்று விட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் மேல் அலமாரிக்குத் துளை போட கடைப் பையன் வந்தான். மிஷின் அதிர்வில் கூரையிலிருந்து இரண்டு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து மேடையில் விழுந்தது. அந்த நேரம் அடுப்புக்கு முன்னால் யாரும் இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டார்கள்; அவர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் பார்த்தபோது கோடுகள் ஏறக்குறைய அரையடிக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. மழை ஈரம் அப்படி ஒழுங்காக ஓடாது. கம்பி ஓடும் தடம் அது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் பொள்ளென்ற சத்தம். பெயர்ந்த இடத்தில் தெரிந்த 8 மி.மீ. கம்பியைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளந்தால் 5.5 மி.மீ. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்போல இருக்கும். ஆனால் கம்பியின் வெட்டுப் பரப்பு 50 சதுர மி.மீ.-லிருந்து 24-க்கு வந்துவிட்டது. சுமை தாங்குவது அந்தப் பரப்புதான். அதில் பாதி போய்விட்டது.

கம்பி சீராகத் தேயாமல் குழி குழியாக அரித்திருந்தது. அது குளோரைடு, அதாவது உப்பு வேலை செய்ததற்கான அடையாளம். உடைத்த கான்கிரீட்டில், காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் கரைசலைத் தடவினால் உள்ளே இளஞ்சிவப்பு வந்தது; கீழ்ப்பரப்பிலிருந்து 15 மி.மீ. வரை நிறமே வரவில்லை. கம்பிக்குக் கீழே இருந்த கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், 12 மி.மீ.தான். இரும்பைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை அந்த ஆழத்தில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் காரையைத் தள்ளிவிட்டது.

உப்பு எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து கொஞ்சம். மீதியை மாமியார் சொன்னார்: “அப்போ வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் தம்பி. மணலும் கடற்கரைப் பக்கம் அள்ளுனதுதான். எல்லாரும் அப்படித்தானே கட்டுனாங்க.” கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் குளோரைடு லிட்டருக்கு 1,900 மில்லிகிராம். கம்பி வைத்த கான்கிரீட் கலக்கும் தண்ணீருக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 அனுமதிப்பது 500. முப்பது வருடத்துக்கு முந்தைய நீரில் எவ்வளவு இருந்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஆனால் அந்தக் கிணறு அன்றைக்கும் உப்புக் கிணறுதான்.

இன்னொன்று, எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தத் தளத்தின் மேல் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. நிறைந்தால் ஒரு டன்.

அன்றைக்கே எடுத்த முடிவுகள்

தொட்டியைக் காலி செய்து கீழே இறக்கினோம். அடுப்படிக்கும் நடைக்கும் ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். அடுப்பை வெளியே கொண்டுவந்து பின்முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டோம். மகனுக்கு வீடியோவில் கம்பியைக் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, “அண்ணே, நான் நவம்பர்ல வர்றேன், அதுவரைக்கும் தாங்குமா?” என்பதுதான். தாங்கும் என்றோ தாங்காது என்றோ கைநாட்டு வைக்க முடியாது என்றேன். முட்டு இருக்கும்வரை அவசரம் இல்லை, முட்டுக்கு நடுவில் சமைக்கவும் முடியாது என்பதுதான் உண்மையான பதில்.

நான்கு வழிகள்

அலமாரிக் கடைக்காரர் சொன்னது மலிவானது: பூசி மூடிவிட்டு பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங் அடித்துவிடலாம். இந்தக் கடலோரத்தில் இப்போது இது பரவலாக நடக்கிறது. கூரை காரை உதிர்த்துத்தான் எச்சரிக்கை கொடுக்கும். அதை மறைத்துவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும். இதை முதலிலேயே ஒதுக்கினோம்.

இரண்டாவது, பழுதான இடத்தை மட்டும் உடைத்து, கம்பியைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலவை பூசுவது. நல்ல முறைதான், பல வீடுகளில் நானே செய்ய வைத்திருக்கிறேன். ஆனால் உப்பு தளம் முழுக்கப் பரவியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. துருப்பிடிக்கும் கம்பித் துண்டு, தான் அரிபட்டுக்கொண்டே பக்கத்துக் கம்பியை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டைச் சுத்தம் செய்து புதுக் கலவைக்குள் வைத்தால், அந்தக் காவல் போய், ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பைச் சுற்றி புதிதாக அரிப்பு தொடங்கும். சில வருடத்தில் ஒட்டு அப்படியே நிற்கும், அதைச் சுற்றி வளையமாகக் காரை விழும். பாதிக்கு மேல் பொள்ளலான தளத்துக்கு இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. கொத்தனாருக்கு இதில் உடன்பாடு இல்லை. “பத்து வருஷம் ஓட்டலாம் சார்” என்றார்.

மூன்றாவது, தளத்தை எடுத்துவிட்டு ஓடு போடுவது. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. மாமியாரும் சரி என்றார். மருமகள் ஒப்பவில்லை: வற்றல், கருவாடு, துணி எல்லாம் காயப்போடுவது அந்த மாடியில்தான். தினமும் புழங்குகிறவர் அவர். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஆக நான்காவது: உடைத்துவிட்டுப் புதுத் தளம். நடையும் அதே வார்ப்பு, கம்பி நடுச்சுவர் மேலாகத் தொடர்ந்து ஓடுகிறது. அடுப்படியை மட்டும் அறுத்தெடுத்தால் நடைத்தளம் பிடிமானம் இல்லாமல் தொங்கும். 90 சதுர அடி வேலை 150 சதுர அடி ஆனது இப்படித்தான்.

வேலை வளர்ந்த விதம்

தளம் போன பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பியது. பழைய டைல்ஸைப் பெயர்த்தால் சுவரின் அடியில் மூன்று வரிசைச் செங்கல் கையால் நோண்டினாலே மாவாக உதிர்ந்தது. 1994-ல் ஓதம் ஏறாமல் தடுக்கும் படுகை போடவே இல்லை. சுவருக்குள் போன ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஊசித்துளைகள். வயரிங்கில் எர்த் கம்பியே கிடையாது. ஈரக் கையோடு மிக்ஸியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும் என்று மருமகள் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

இதற்கிடையில் இன்னொரு வகைப் பட்டியலும் நீண்டது. வீட்டில் ஆள் இருக்கிறது, மணல் இருக்கிறது, கையோடு கையாக ஹாலுக்கும் டைல்ஸ் போட்டுவிடலாமே. கழிப்பறையை மாற்றிவிடலாமே. புதுத் தளம்தானே, மேலே ஒரு ரூம் எடுத்துவிடலாமே. கடைசி யோசனை மகனுடையது. அங்கே அறைத் தோழர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பது ஒரு பக்கம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பரப்பைக் கூட்டினால் அனுமதி வாங்குவது தனிக்கதை.

வீட்டுச் சீரமைப்பில் பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டு பட்டியலும் ஒன்றாகக் கலந்துபோகும் இடத்தில்தான். உப்பு கேட்பது ஒன்று, ஆசை கேட்பது ஒன்று. ஆசை தப்பில்லை, ஆனால் அதற்குத் தேதி உப்பு குறிப்பதில்லை. மருமகள் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் எதிரெதிர்ப் பக்கங்களில் ‘இப்போ’, ‘அப்புறம்’ என்று எழுதிவைத்தார். எந்த வேலை வந்தாலும் ஒரே கேள்வி: இதைத் தள்ளிப்போட்டால், பிறகு செய்யும்போது இப்போது செய்வதை உடைக்க வேண்டி வருமா? சுவர் அடி, குழாய், வயரிங் மூன்றும் ஆமாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு அவற்றைத் தொட முடியாது. ஹால், கழிப்பறை, மாடி ரூம் மூன்றும் இல்லை. அவை ‘அப்புறம்’ பக்கம் போயின. ஹால் டைல்ஸுக்கு மாமியார் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

முன்கட்டோடு சேர்ந்த பொதுச்சுவர் சுண்ணாம்புச் சுவர். அதன் மேலும் டைல்ஸ் ஒட்டச் சொன்னார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சிமெண்டும் டைல்ஸும் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து சுவரை உதிர்க்கும். அதனால் அந்தச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு மட்டும். அடுப்பும் சிங்க்கும் எதிர்ச்சுவருக்கு மாறின.

தளம் வார்த்தது

கலவை எம்-30 என்ற வலிமைத் தரம், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, மணலுக்கு எம்.சாண்ட் (கல்லை உடைத்து அரைத்த மணல்). கம்பிக்குக் கீழே 30 மி.மீ. கவர், சிமெண்ட் பில்லை வைத்து. கடற்காற்று நேரடியாகப் படும் வெளிப்பகுதிக்கு 45 மி.மீ. வேண்டும். ஆனால் மூன்று அங்குல சன்ஷேடில் 45 மி.மீ. விட்டால் கம்பிக்கு வேலை செய்யும் இடமே இருக்காது. அதனால் கான்கிரீட் சன்ஷேடையே கைவிட்டு, மரச்சட்டத்தில் ஓடு வேய்ந்தோம்.

அதிகம் வாக்குவாதம் நடந்தது தண்ணீரில்தான். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்குவது. குடிக்கவே காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அதைச் சிமெண்டில் ஊற்றுவதா என்று மனம் வராது. கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்து அங்குலத் தளத்துக்கு மொத்தக் கான்கிரீட் 1.75 கனமீட்டர், சிமெண்ட் 14 மூட்டை, கலக்கத் தேவையான தண்ணீர் 300 லிட்டர் சொச்சம். இரண்டு டிரம் கொள்ளும். முப்பது வருடத்துக்கு ஒரு கூரையின் விதி அந்த இரண்டு டிரம்மில் இருக்கிறது என்றால் யாரும் மறுக்கவில்லை.

கலக்குவதற்குச் சரி, வார்த்த தளத்தைக் காயாமல் ஈரமாக வைத்து ஆற்றுவதற்கு? “பாத்தி கட்டி நிறுத்துறதுக்குக் கிணத்துத் தண்ணி போதும் சார், அது உள்ள போகாது” என்றார் கொத்தனார். போகும். இளம் கான்கிரீட் உறிஞ்சும், தண்ணீர் காய்ந்தால் உப்பு மட்டும் தங்கும். நல்ல தண்ணீரையே பயன்படுத்தினோம், ஆனால் பாத்தி கட்டவில்லை. நனைத்த சாக்கு விரித்து மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் தண்ணீர் வெகுவாக மிச்சமாகும். ஒருநாள் லாரி வரவில்லை. சாக்கு காயக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் சித்தாள் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்துவிட்டார். தாளை எடுத்து, சாக்கை மாற்றி, மறுநாள் நல்ல தண்ணீரால் அலசினோம். 14 நாள் ஆற்றினோம். தளத்துக்குக் கீழே கொடுத்த முட்டுகளையும் அதுவரை பிரிக்கவில்லை.

அதற்குள் நோன்பு வந்துவிட்டது. ஆள், சாமான் எல்லாம் இருந்தும் அவசரப்படுத்தவில்லை. நோன்புக் கஞ்சி தகரக் கொட்டகையில்தான் வெந்தது. பெருநாளைக்கு மேடையும் கேஸும் தயார், அலமாரி இல்லை.

உள்வேலை

குழாய் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் ஆனது. சிங்க்குக்கு இரண்டு குழாய்: பாத்திரம் முதல் கழுவலுக்கு உப்புத் தண்ணீர், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். புது வயரிங், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தனி எர்த். உப்பு மண்ணில் எர்த் நன்றாகவே கிடைக்கும், ஆனால் ஜி.ஐ. குழாயைச் சீக்கிரம் தின்றுவிடும்; அதனால் செம்புப் பூச்சுத் தண்டு. மீன் கழுவும் கல் வெளியே இருந்தபடியே இருக்கட்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தார். அது சரியான பிடிவாதம். தொட்டிக்குக் குளியலறைப் பக்கம் தனியாகச் செங்கல் தூண் எழுப்பினோம்.

மேல் அலமாரி, தளம் வார்ப்பதற்கு முன்பே வந்து ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்தது. புதுப்பூச்சும் டைல்ஸும் ஏறியதில் அறையின் உள்ளளவு ஒன்றரை அங்குலம் குறைந்தது. மேல் அலமாரியில் ஒன்று பொருந்தவில்லை. அதை நடையில் மாட்டினோம். கீழ் அலமாரியை அறுப்பதற்கு முன்பே நிறுத்தச் சொன்னதால் அந்தப் பணம் தப்பியது. அதற்குப் பதில் கடப்பா கல் தட்டு, அலுமினியக் கதவு.

விளைவு

ரூ.1.8 லட்சத்தில் நினைத்தது ரூ.5.3 லட்சத்தில் நின்றது. தளத்துக்கு 1.1 லட்சம், சுவர் அடிக்கும் பூச்சுக்கும் 85 ஆயிரம், வயரிங் 45, குழாய் 40, தொட்டித் தூண் 40, இடிப்பதற்கும் இடிபாடு அள்ளவும் 35, கொட்டகைக்கு 12. முதலில் கேட்ட அடுப்படிச் சாமான்கள் 1.65 லட்சத்தில் அடங்கின. கூடுதல் பணத்துக்கு மருமகளின் நகை வங்கிக்குப் போனது. மகன் மாதாமாதம் கட்டி வருகிறார்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை ஒன்று கடந்துவிட்டது. கூரையில் கசிவோ கோடோ இல்லை. சுண்ணாம்புச் சுவரும் புதுப்பூச்சும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறாக அசையும் பொருட்கள், எதிர்பார்த்ததுதான். ஓதப் படுகையை இரண்டு பக்கச் சுவரில்தான் போட முடிந்தது. மூன்றாவது சுவரின் அடியில் ஒரு அடி உயரத்துக்குப் பெயிண்ட் உரியத் தொடங்கியிருக்கிறது.

இனி இப்படி ஒரு வேலை வந்தால் மாற்றுவது

கிரானைட் நிறம் பார்ப்பதற்கு முன்னால் கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் 25 வருடம் தாண்டிய கான்கிரீட் தளம் என்றால் அரைமணி நேரம் ஒரு சுத்தியலோடு செலவழிக்கலாம்; காசு ஒன்றும் ஆகாது. அலமாரிக்கு அளவு டைல்ஸ் ஒட்டிய பிறகுதான். முன்பணம் கட்டச் சொல்லி கடை அவசரப்படுத்தும், விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். லாரித் தண்ணீருக்கு ஒரு டிரம் கூடுதலாகப் பிடித்துவைக்க வேண்டும், லாரி வராத நாளுக்கு. கெடு வைப்பதானால் அடுப்பு பற்றவைக்கும் தேதிக்கு வைக்கலாம், அலமாரி முடியும் தேதிக்கு வேண்டாம்.

2003-ல் வார்த்த படுக்கையறையையும் தட்டிப் பார்த்தோம். இரண்டு இடத்தில் பொள்ளல். கம்பி வெளியே தெரியவில்லை, கோடுகளும் இல்லை. பரணில் இருந்த அண்டா, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கட்டிலை மறுசுவருக்கு நகர்த்தி, பொள்ளலைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதியிருக்கிறோம். இதற்கு ஒட்டுப் பழுதே போதும் என்று கொத்தனாரும் நானும் இந்தமுறை ஒத்துப்போகிறோம். நகை மீண்டதும் அந்த வேலை. ஹால் டைல்ஸ் அதற்கும் அடுத்தது.